நீங்க யாரு, சொந்தமா?

நீளமான இழை. பொறுமை இருந்தா படிங்க. திட்டணும்னு தோணினா கடைசி வரை படிச்சுட்டுத் திட்டுங்க.

நான் நாமக்கல் மாவட்டத்தில் அரசு மருத்துவர். வெறும் எம்பிபிஎஸ். மனநல மருத்துவர் இல்லை, வக்கீல் இல்லை, எந்த இயக்கத்திலும் உறுப்பினர் இல்லை. ஓபி பார்க்கிறேன், நைட் டூட்டி பார்க்கிறேன், இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறேன். இங்கே எழுதப்போவது அந்தக் கையெழுத்து சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

சில வருஷம் முந்தி, வேறு ஒரு ஆஸ்பத்திரியில் டூட்டி. ஊர் பேர் வேண்டாம். ஆள் அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களையும் மாத்திருக்கேன்.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தரை ஆட்டோவில் கொண்டு வந்தாங்க. நெஞ்சு வலி, சட்டையெல்லாம் வேர்வை. ரிட்டயர் ஆன லாரி டிரைவர். ஈசிஜி எடுத்தால் பெரிய மாரடைப்பு. கூட வந்தவருக்கு அறுபத்தஞ்சு இருக்கும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர்.

"நீங்க யாருங்க, சொந்தமா?"

"கூட இருக்கறவனுங்க சார்."

"தம்பியா?"

"இல்லீங்க. கூட்டாளி."

கேஸ் ஷீட்டில் 'நண்பர்' என்று எழுதினேன். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எல்லாம் உடனே கொடுத்தாச்சு. அடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும். அதில் ரத்தக்கசிவு ஆபத்து கொஞ்சம் உண்டு, அதனால் சம்மதக் கையெழுத்து வாங்குவோம்.

"நான் போடறனுங்க" என்றார் கூட வந்தவர்.

"நீங்க போட முடியாதுங்க. ரத்த சொந்தம் யாராச்சும் வரணும்."

இதைச் சொன்னது நான். சிஸ்டர் இல்லை, வார்டு பாய் இல்லை. நான்.

ஈரோட்டில் ஒரு அண்ணன் மகன் இருப்பதாகச் சொன்னார். போன் போட்டோம். அவர் வந்து கையெழுத்துப் போடும்போது மணி ஒண்ணரை. அதுக்கப்புறம் ஊசி போட்டோம். மறுநாள் மத்தியானம் பெரியவர் இறந்துட்டார்.

மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நான் ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அந்த ரெண்டரை மணி நேரமும் பெரியவர் சுயநினைவோட இருந்தார். என்கிட்டப் பேசினார். தண்ணி கேட்டார். டிரிப்ஸ் ஏறாத கை சும்மாதான் இருந்தது. அவர் உடம்பு, அவர் உயிர். அவர் கையெழுத்தை நான் கேட்கவே இல்லை.

இப்ப சட்டத்தைப் பார்ப்போம். ஏன்னா "ரூல்ஸ் அப்படி டாக்டர்" என்பதுதான் எங்க ஆளுங்க எல்லாரும் சொல்ற பதில்.

ரூல்ஸ் அப்படி இல்லை.

நோயாளி வயது வந்தவர், நினைவோடு இருக்கிறார், புரிஞ்சு பதில் சொல்கிறார் என்றால் சம்மதம் தரவேண்டியது அவர். வேறு யாரும் இல்லை. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியாச்சு. அந்த வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அவருடைய அம்மாவின் சம்மதத்தை வாங்கி ஆபரேஷனைக் கூட்டிச் செய்தார்கள். அது செல்லாது என்றது கோர்ட். பெத்த அம்மா கையெழுத்தே செல்லாது என்றால், இருபது வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் மகன் கையெழுத்துக்கு மட்டும் என்ன தனி மகிமை?

சரி, நோயாளிக்கு நினைவில்லை, உயிர் ஆபத்து, யாரும் இல்லை. அப்போ? நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 92-ஆம் பிரிவு, இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. ஒரு கையெழுத்தும் தேவையில்லை.

பின்னே எதுக்கு நாங்க சொந்தத்தைத் தேடுகிறோம்? உள்ளதைச் சொல்லிடறேன். பயம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து சண்டை போடுவாங்க என்கிற பயம். சண்டைக்கு வரப்போகிறவருக்கு முன்கூட்டியே மரியாதை கொடுத்து வைக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டவர் சண்டைக்கு வரமாட்டார் என்று தெரியும், அதனால் அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்புகிறோம்.

அண்ணன் மகன் உடலை வாங்கிக்கிட்டுப் போனார். போகும்போது கூட்டாளியிடம் "நீங்க வர வேண்டாங்க, ஊர்ல நாலு விதமாப் பேசுவாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. குரலைக்கூட உயர்த்தலை. எழவு வீட்டுக்கு வராதே என்று நம்ம பக்கத்தில் ஜென்மப் பகையாளியிடம்கூட யாரும் சொல்லமாட்டாங்க. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட கேதத்துக்கு வந்து ஓரமா நின்னுட்டுப் போவார், அது நம்ம ஊர் நாகரிகம். இவருக்கு அதுவும் இல்லை. மயானத்துக்குப் போகலை. கருமாதிக்கும் கூப்பிடலை.

ரெண்டு வாரம் கழிச்சு இவர் என் ஓபிக்கு வந்தார். நெஞ்செரிச்சல், தூக்கம் வரலை. பேன்டபிரசோல் எழுதினேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். படபடப்பு, சாப்பாடு இறங்கலை. பி-காம்ப்ளெக்ஸ் எழுதினேன். மூணாவது தடவை வந்தப்ப ஒரு மஞ்சப்பையை மேஜையில் வச்சார். உள்ளே சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டைகள்.

"மிச்சம் இருக்குதுங்க சார். வேற யாருக்காச்சும் ஆகுங்களா?"

அப்பத்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவரு போய் எத்தனை நாள் ஆச்சுங்க ஐயா?"

நாளைக் கணக்காச் சொன்னார். அப்புறம் அழுதார். வெளியே நாப்பது பேர் நிக்கிறாங்க, பத்து நிமிஷம் ஆச்சு, கதவைச் சாத்தச் சொல்லிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல ஒரே வீடு. அவர் வண்டிக்குப் போனால் இவர் காத்திருப்பார். குஜராத்துக்கு லோடு ஏத்திப் போனா பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் திரும்பி வர. செல்போன் இல்லாத காலம், லாரி ஆபீசுக்குப் போய் "வண்டி எங்க இருக்குதுங்க"ன்னு கேட்பாராம். அங்கேயும் கேள்வி ஒண்ணுதான்: நீ யாரு, எதுக்குக் கேக்கற?

படிக்கிற உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும், தெரியும். "அப்போ அவங்க ரெண்டு பேரும்...?" நான் கேட்கலை. அவராச் சொன்னார், பல மாசம் கழிச்சு. "எங்க காலத்துல இதுக்கெல்லாம் பேர் கிடையாதுங்க சார்" என்றுதான் ஆரம்பிச்சார். ஆனா பாருங்க, அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்திருந்தாலும் அன்னிக்கு ராத்திரி நான் செஞ்சது தப்புதான்.

இன்னிக்கு எழுபது வயசில் இருக்கிற ஒரு தன்பாலீர்ப்பாளரை எடுத்துக்கோங்க. 377-ஆம் பிரிவு வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வச்சது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கடைசியா 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பில்தான் குற்றம் இல்லை என்று ஆனது. அதாவது இந்த மனுஷன் அறுபது வயசு தாண்டும் வரைக்கும், நடுவில் நாலு வருஷம் நீங்கலாக, சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. அவர்கிட்டப் போய் "ஏன் முதல்லயே சொல்லலை?" என்று கேட்கிறோம். எப்பச் சொல்லியிருக்கணும், யாரிடம்?

"இதெல்லாம் மெட்ராஸ், பெங்களூர் விஷயம். நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லை" என்று ஒரு சீனியர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல டாக்டர், இதில் மட்டும் தப்பு.

திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியைத் தெரியுமா? நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், நாமக்கல் தாலுகாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தன்வரலாறு 2010-ல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழில் 'வெள்ளை மொழி'. உலகத்தில் பல கல்லூரிகளில் படிக்கிறாங்க. நம்ம ஊர்க்காரர் எழுதினதை நம்ம டாக்டர்களில் எத்தனை பேர் படிச்சிருக்கோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நானே போன வருஷம்தான் படிச்சேன்.

அப்புறம், வெளியே தெரியாத இன்னொரு கூட்டம் இருக்கு. கல்யாணம் ஆகி, பிள்ளைகுட்டி, பேரன் பேத்தி எடுத்த ஆம்பளைங்க. பொம்பளைங்களும்தான். அவங்க மனசில் இருந்த ஒருத்தர் வேறு ஊரில் இறந்து போவார். 'சிநேகிதர்' அல்லது 'தோழி'. செய்தி வாட்ஸ்அப்பில் வரும். வீட்டில் யாருக்கும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் அழுதால் "சிநேகிதனுக்கா இவ்வளவு அழுகை" என்பார்கள். மூணாம் நாள் அழுகையை நிறுத்திட்டு, நெஞ்சு வலிக்குதுன்னு எங்ககிட்ட வருவாங்க. ஈசிஜி நார்மல். "கேஸ்தான், ஒண்ணுமில்லை, போங்க."

இந்தத் துக்கத்துக்கு மருத்துவத்தில் ஒரு பேர் இருக்கு. கென்னத் டோகா என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் இதைப் பத்தி ஒரு நூலே கொண்டு வந்தார். நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஊர் ஒத்துக்காத துக்கம். இழப்பு நடந்திருக்கு, ஆனா அழுகிற உரிமையை யாரும் தரலை. பந்தல் இல்லை, கோடித் துணி இல்லை, துக்கம் விசாரிக்க வர்றவங்க இல்லை. ஒப்பாரி, பால் தெளிக்கிறது, பதினாறாம் நாள் என்று நம்ம முன்னோர் வச்ச சடங்கெல்லாம் எதுக்கு? போனவருக்காக மட்டுமா? இருக்கிறவர் தாங்கிக்கணும்னு வச்ச ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டிலிருந்து ஒருத்தரை மட்டும் வெளியே நிறுத்தினா அவர் துக்கம் எங்கே போகும்?

உடம்புக்குப் போகும். இது கவிதை இல்லை, கணக்கு. 1969-ல் வெளியான ஒரு ஆய்வில், இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயசுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. முதல் ஆறு மாசத்தில் அவங்க இறப்பு விகிதம் அதே வயசுக்காரங்களைவிட 40 சதவீதம் அதிகம். நிறைய பேருக்கு இதய நோய். துக்க அதிர்ச்சியில் இதயத்தின் கீழ் அறை பலூன் மாதிரி உப்பி, ஈசிஜியில் அசல் மாரடைப்பு மாதிரியே காட்டுகிற ஒரு நோய்கூட இருக்கு, டகோட்சுபோ என்று பேர். ஜப்பான்காரங்க ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பேர் அது. மாதவிடாய் நின்ற வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். அந்த 1969 ஆய்வில் இருந்தவங்க எல்லாம் ஊரறியக் கல்யாணம் பண்ணி, ஊரறிய அழ முடிஞ்சவங்க என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நாங்க என்ன பண்றோம்? தூக்க மாத்திரை எழுதுகிறோம். அல்பிரசோலம் அரை. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிட்டாங்க, வேறு மனநோய் இல்லாதவருக்குத் துக்கத்துக்காக மட்டும் இந்த வகை மாத்திரை கொடுக்காதீங்கன்னு. வயசானவங்க இதைப் போட்டுட்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு வர்றதை நான் பார்த்திருக்கேன். பெரும்பாலான துக்கம் நோய் இல்லை. ஆறு மாசம் தாண்டியும் குறையவே இல்லை, அன்றாட வாழ்க்கையே நின்னு போச்சு என்றால்தான் நீடித்த துக்க நோய் என்று ஐசிடி-11 சொல்லுது, அப்ப மனநல மருத்துவரிடம் அனுப்பணும். மத்தவங்களுக்கு வேண்டியது ஒரு கேள்வி: யாராச்சும் தவறிட்டாங்களா? அப்புறம் அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது. எங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் கஷ்டம்.

கூவாகத்தை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீங்க. சித்திரை மாசம் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்குவாங்க. மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைச்சு, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைப்பாங்க. கேமராவோட எத்தனை பேர் போறாங்க! பத்திரிகையில் அரைப் பக்கம் படம் வரும். சாமிக்காக அழுதா படம் எடுக்கிறோம். அதே திருநங்கை, தன்கூட இருபது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனுக்காக ஆஸ்பத்திரி வாசலில் அழுதா செக்யூரிட்டியைக் கூப்பிடுகிறோம்.

திருநங்கைகள் விஷயத்தில் இன்னொரு கொடுமையும் இருக்கு. நாப்பது வருஷம் பெண்ணா வாழ்ந்த ஒரு பாட்டி இறந்தால், எப்பவோ துரத்திவிட்ட குடும்பம் உடலை வாங்க வரும். முடியை வெட்டி, வேட்டி கட்டி, பழைய ஆம்பளைப் பேரைச் சொல்லிக் கொள்ளி வைப்பாங்க. என் நோயாளி ஒருத்தர் கேட்டார், "சார், எனக்கு அப்படிப் பண்ண மாட்டாங்கன்னு எழுதி வச்சுக்கலாமா?" அவருக்கு அறுபது வயசு. சாவைப் பத்தி அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். தத்து எடுத்து வளர்த்த மகள்கள் மூணு பேர் இருக்காங்க, மாத்தி மாத்தி ராத்திரி கண்ணு முழிச்சுப் பார்த்துக்கறாங்க. எங்க ரெஜிஸ்டரில் அவங்களுக்கு இடமில்லை. அட்மிஷன் போடும்போதே ஆண் வார்டா, பெண் வார்டா என்று பத்துப் பேர் முன்னாடி விவாதம். பாதிப் பேர் அதுக்குப் பயந்துதான் ஆஸ்பத்திரிக்கே வர்றதில்லை. சர்க்கரைப் புண் அழுகின பிறகு வர்றாங்க. கேட்டா "முன்னாடியே வந்திருக்கலாம்ல?" என்று நாங்க திட்டுவோம்.

இந்த மாவட்டத்துக்கு இது புதுசா என்ன? ஒரு காலத்தில் எச்.ஐ.வி. என்றாலே நாடு முழுக்க நாமக்கல் பேர் அடிபட்டது, மறந்துட்டீங்களா? லாரித் தொழில் ஊர் என்று நம்மைச் சுட்டிக் காட்டினாங்க. பொண்ணு கொடுக்க யோசிச்சாங்க. அப்ப இந்த அரசு ஆஸ்பத்திரிகள்தான் கத்துக்கிச்சு. நம்பிக்கை மையம் வந்தது. ஆலோசகர் வந்தார். கதவைச் சாத்திப் பேசக் கத்துக்கிட்டோம். "யார் கூடப் போனே"ன்னு திட்டாம, "மாத்திரையை ஒழுங்கா எடுக்கறீங்களா"ன்னு கேட்கக் கத்துக்கிட்டோம். பேரை வெளியே சொல்லக்கூடாதுன்னு கத்துக்கிட்டோம். கூட வர்றவர் யாரா இருந்தாலும் நோயாளி சொன்னா உள்ளே விடக் கத்துக்கிட்டோம். அதே கட்டடத்தில் நம்பிக்கை மையத்தில் முடியறது, முப்பதடி தள்ளி கேஷுவாலிட்டியில் ஏன் முடியாது?

சரி, அரசாங்கம் என்ன சொல்லுது?

2021 ஜூன் 7. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில், தன்பாலீர்ப்பை 'மாத்தறேன்' என்று வைத்தியம் பார்க்கிறதுக்குத் தடை போட்டார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. இன்னமும் "கூட்டிட்டு வாங்க, சரி பண்ணிடலாம்" என்று சொல்கிற டாக்டர்கள் இருக்காங்க, அவங்க பதிவே ரத்தாகலாம்.

2023 அக்டோபர் 17. உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. அதுக்கு அடுத்த மாசமே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசுக்கு ஒரு யோசனை சொன்னார்: கல்யாணம் இல்லாட்டி போகட்டும், இணையர்கள் ஒரு குடும்ப இணைப்புப் பத்திரம் பதிவு செஞ்சுக்க வழி பண்ணுங்க. அருமையான யோசனை. அப்படி ஒரு பத்திரத்தோட என் டேபிளுக்கு இதுவரை ஒருத்தர் வந்து நான் பார்த்ததில்லை.

2024 ஆகஸ்ட். மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. அதில் ஒரு விஷயம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது எல்ஜிபிடிக்யூ இணையர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது. நல்ல விஷயம்தான், பாராட்டணும். ஆனா 'நெருங்கிய உறவினர் இல்லாதபோது' என்கிற வார்த்தைகளைக் கொஞ்சம் கவனிங்க. நான் சொன்ன கேஸில் அண்ணன் மகன் வந்துட்டார். அந்தக் கடிதம் அன்னிக்கே இருந்திருந்தாலும் கூட்டாளி கேட்டுக்கு வெளியேதான். அனாதைப் பிணமா ஆகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு, கூட வாழ்ந்தவரோட துக்கத்துக்காக இல்லை. இதிலும் ஒரு கூத்து, அந்தக் கடிதத்தைப் பத்தி எங்க டூட்டி ரூமில் கேட்டப்ப ஒருத்தருக்கும் தெரியலை. எனக்கே செய்தித்தாள் பார்த்துத்தான் தெரியும்.

அதே வருஷம் பிப்ரவரியில் கேரளாவில், இறந்துபோன இணையரின் உடலுக்காக ஒரு இளைஞர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். உடல் குடும்பத்துக்குத்தான் போச்சு. இவருக்குக் கிடைச்சது ஆஸ்பத்திரியிலேயே இறுதி மரியாதை செய்ய அனுமதி. அழுவதற்கு ஒரு மனுஷன் ஹைகோர்ட் போய் அனுமதி வாங்க வேண்டியிருக்கு.

2025 மே மாசம், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு சென்னையில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒரு இளம்பெண்ணைக் குடும்பம் பிடிச்சு வச்சிருந்தது, அவருடைய தோழி போட்ட ஆட்கொணர்வு மனு. குடும்பம் உருவாகக் கல்யாணம் மட்டும்தான் வழி என்று இல்லை, தாமே தேர்ந்தெடுத்த குடும்பம் என்பது சட்டத்துக்குத் தெரிஞ்ச விஷயம்தான் என்றார்கள். இது சென்னை உயர் நீதிமன்றம், அமெரிக்கா இல்லை. "மேல்நாட்டு இறக்குமதி" என்று கமெண்ட் போடப்போறவங்க கவனிக்க.

மேல்நாட்டிலும் இது தானா வந்துடலை. 2007-ல் மியாமியில் ஒரு பெண் சாகக் கிடந்தப்ப, அவர்கூட 18 வருஷம் வாழ்ந்த இணையரையும், அவங்க வளர்த்த பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி மணிக்கணக்கா உள்ளே விடலை. அந்தக் குடும்பம் போராடினதன் விளைவாத்தான் 2010 ஏப்ரலில் ஒபாமா உத்தரவு போட்டார், யார் வந்து பார்க்கணும் என்பதை நோயாளி சொல்லட்டும் என்று. அவ்வளவுதான் உத்தரவு. இதைச் செய்ய நமக்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ஒரு சர்க்குலர் போட்டாப் போதும். அட்மிஷன் சீட்டில் 'உறவு முறை' என்கிற கட்டத்துக்குப் பதிலா 'நோயாளி நம்பும் நபர்' என்று ஒரு கட்டம். அச்சுக்கூலிகூட ஏறாது.

சக மருத்துவர்களிடம். நேரமில்லை என்பீங்க. ஒரு ஓபியில் நூத்தம்பது பேர், எனக்கும் தெரியும், நானும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கேன். ஆனா "சொந்தமா?" என்று கேட்கிற நேரமும், "உங்களுக்கு யார் கூட இருக்கணும்?" என்று நோயாளியைக் கேட்கிற நேரமும் ஒண்ணுதான். என் பெரியவருக்கு மூணு தடவை ஓபி சீட்டு எழுதின நேரத்தில் முதல் தடவையே பத்து நிமிஷம் பேசியிருந்தா மிச்ச ரெண்டு தடவை மிச்சம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடா மாத்திரை கொண்டு போறோம். அந்தச் சகோதரிகளுக்கு எந்த வீட்டில் யார் யாரோடு இருக்காங்க என்று நம்மைவிட நல்லாத் தெரியும். ஒருத்தர் இறந்த வீட்டில் இருக்கிற இன்னொருத்தரை மாசம் ஒருக்கா விசாரிக்கச் சொல்லுங்க. அவங்க ஏற்கெனவே விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, ரெஜிஸ்டரில் காலம் இல்லை, அவ்வளவுதான்.

இப்ப, யாருக்கு இது தேவையோ அவங்களுக்கு. கல்யாணம் ஆகாதவங்க, பிள்ளை இல்லாதவங்க, சிநேகிதியோடு இருக்கிற கைம்பெண்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சம்மதக் கையெழுத்தை "நானே போடறேன், பேப்பரைக் கொடுங்க" என்று நீங்களே கேளுங்க. நினைவிருக்கும்போது உங்களைத் தாண்டி யாரிடமும் போகக்கூடாது.

மனநலச் சிகிச்சைக்கு, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 14-ஆம் பிரிவு. உங்களுக்கான பிரதிநிதியை நீங்களே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வச்சு நியமிக்கலாம். சொந்தமா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. பாலீர்ப்பைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் அதே சட்டம் பேர் சொல்லியே எழுதியிருக்கு.

கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கி, நோட்டரி முன்னாடியே போடலாம்னு ஆக்கிட்டாங்க.

வீடு, பணம் விஷயத்தில் உயில் எழுதுங்க. ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டா வெள்ளைத்தாளில் எழுதினதும் செல்லும், பதிவு கட்டாயமில்லை (பதிவு பண்ணினா தகராறு குறையும்). பேங்க்கில் கூட்டுக் கணக்கு ஆரம்பிக்கவோ இணையரை நாமினியா போடவோ தடை இல்லை என்று மத்திய நிதிச் சேவைகள் துறை 2024 ஆகஸ்டில் தெளிவாக்கியிருக்கு. வாரிசு முறையில் உங்க கூட்டாளிக்கு ஒரு செங்கல்கூட வராது. என் பெரியவர் இப்ப வாடகை வீட்டில் இருக்கார். முப்பது வருஷம் இருந்த வீடு அண்ணன் மகன் பேருக்குப் போயிருச்சு. ஒரு பக்கம் எழுதியிருந்தா போதும். "சாவைப் பத்தி எழுதினா அபசகுனம்னு அவரு சொல்லிட்டாருங்க" என்றார்.

மாசாமாசம் பிரஷர் மாத்திரைக்கு வர்றார். போன தடவை வந்தப்ப, சீட்டை மடிச்சு சட்டைப் பையில் வச்சுக்கிட்டே கேட்டார், "எனக்கு ஏதாச்சும் ஆனா யாருங்க சார் கையெழுத்துப் போடுவாங்க?" பட்டறையில் இவரிடம் தொழில் கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் இருக்கான், தினம் டீ வாங்கிட்டு வந்து பார்க்கிறவன். அவன் பேரையும் நம்பரையும் அவர் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிசா எழுதி, கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பக்கத்தில் நானும் சீல் வச்சுக் கையெழுத்துப் போட்டேன். அதுக்கு எவ்வளவு சட்ட பலம் என்று வக்கீல்கள் கமெண்டில் சண்டை போடுங்க. ராத்திரி பதினொரு மணிக்கு டூட்டியில் இருக்கிற டாக்டர் அதைப் பார்ப்பார்.

துக்கமோ, தற்கொலை எண்ணமோ, யாரிடமும் சொல்ல முடியாத எதுவோ, டெலிமானஸ் 14416. தமிழக அரசின் 104. ரெண்டுமே இலவசம், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம்.

பகிரலாம், அனுமதி கேட்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் போடும்போது என் பேரை எடுத்துட்டாலும் பரவாயில்லை, ஆனா சட்டப் பிரிவு நம்பர்களை மாத்திடாதீங்க. நைட் டூட்டி இருக்கு, கமெண்ட்களுக்கு நாளைக்குப் பதில் சொல்றேன்.